எந்த எச்.எம்.ஜி.பி-1 வாங்குவது? சேலத்து ஆய்வகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

பிப்ரவரி கடைசியில் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி மூன்று கொட்டேஷன்களைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினாள். மூன்றிலும் ஒரே பெயர்தான்: ரீகாம்பினன்ட் மனித எச்.எம்.ஜி.பி-1, அதாவது மனித ஜீனை ஆய்வகச் செல்லில் வைத்துத் தயாரித்த புரதம். விலையோ ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. "மேடம், பேரு மூணுலயும் ஒண்ணுதானுங்க. அப்புறம் ஏனுங்க இவ்வளவு வித்தியாசம்? மார்ச் 31க்குள்ள பில் போட்டாகணும். எதை வாங்கறதுன்னே தெரியலைங்க" என்றாள்.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்துக் கல்லூரிகளில் அழற்சி, புற்றுநோய் என்று ஆய்வு செய்யும் பிள்ளைகள் பலரும் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையில் இருப்பது சின்ன நிதி. ஒரு குப்பி தப்பாக வாங்கினால் அடுத்த குப்பிக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். நானே ஒருமுறை தப்பாக வாங்கி ஆறு மாதம் தொலைத்தவள். அதனால் அவளிடம் சொன்னதையெல்லாம் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் புரதம் பற்றிக் கொஞ்சம்

எச்.எம்.ஜி.பி-1 நம் செல்களின் உட்கருவில் இருப்பது. டி.என்.ஏ இழையை வளைத்துக் கொடுத்து, மற்ற புரதங்கள் வந்து உட்கார இடம் பண்ணித் தருவது அதன் அன்றாட வேலை. 1973ல் குட்வின், சாண்டர்ஸ், ஜான்ஸ் ஆகிய மூவர் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து இந்தக் குடும்பத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஜெல்லில் விரைவாக ஓடியதால் 'ஹை மொபிலிட்டி குரூப்' என்று பெயர் வந்தது.

இருபத்தாறு வருஷம் கழித்து, 1999ல், கெவின் டிரேசியின் குழு இதற்கு இன்னொரு முகம் இருப்பதைக் காட்டியது. சுண்டெலிகளுக்கு பாக்டீரிய நச்சான எல்.பி.எஸ் கொடுத்தால் அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப் புரதம் முதலில் ஏறி இறங்கிவிடுகிறது. எச்.எம்.ஜி.பி-1 எட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் ரத்தத்தில் ஏற ஆரம்பிக்கிறது, ஏறியது லேசில் இறங்குவதில்லை. 2002ல் பியாங்கியும் அவரோடு சேர்ந்தவர்களும், சிதைந்து சாகும் செல்லிலிருந்து இது வெளியே கசிந்து அழற்சியைக் கிளப்புகிறது என்று காட்டினார்கள். உட்கருவுக்குள் இருக்கும்வரை சத்தமில்லாமல் வேலை பார்க்கும் புரதம், வெளியே வந்ததும் ஆபத்துச் சங்கு ஊதுகிறது.

மொத்தம் 215 அமினோ அமிலங்கள். ஏ பெட்டி, பி பெட்டி என்று இரண்டு மடிப்புகள், கடைசியில் அமிலத்தன்மையுள்ள முப்பது அமினோ அமில எச்சங்கள் கொண்ட ஒரு வால். இந்த 215ல் நம் பணத்தைத் தீர்மானிப்பவை மூன்றே மூன்று: 23, 45, 106 ஆகிய இடங்களில் உள்ள சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்).

எதை வைத்து எடை போடுவது

*உங்கள் கேள்வி எந்த ஏற்பியைப் பற்றியது?* ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் செல்லின் புரதம். மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். விலைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். மூன்று சிஸ்டீன்களும் ஒடுக்க நிலையில், அதாவது ஆக்ஸிஜனேற்றம் அடையாமல், இருந்தால், இந்தப் புரதம் சி.எக்ஸ்.சி.எல்-12 என்ற கீமோகைனோடு ஜோடி சேர்ந்து சி.எக்ஸ்.சி.ஆர்-4 ஏற்பி வழியாகச் செல்களைக் கூப்பிடுகிறது. செல் நகரும், ஆனால் டி.என்.எஃப் சுரக்காது. 23ம் 45ம் டைசல்ஃபைடு பாலத்தால் (இரண்டு கந்தகங்களுக்கு இடையேயான பிணைப்பு) இணைந்து 106 தனியாக இருந்தால், அது டி.எல்.ஆர்-4 ஏற்பியோடு ஒட்டிய எம்.டி-2 புரதத்தைப் பிடித்து டி.என்.எஃப் சுரக்க வைக்கிறது. மூன்றும் முழுதாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டால் இரண்டு வேலையும் நடக்காது. 2010க்கும் 2015க்கும் இடையில் வந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கிவிட்டன. ஆனாலும் சிஸ்டீன் நிலை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத குப்பிகள் இன்னும் விற்கின்றன, நாமும் வாங்குகிறோம்.

*எல்.பி.எஸ் எவ்வளவு ஒட்டியிருக்கிறது?* டி.எல்.ஆர்-4ஐ முதன்மையாகத் தூண்டுவதே எல்.பி.எஸ்தான். அந்த ஏற்பியைப் படிக்கப் போகிறவரின் குப்பியில் எல்.பி.எஸ் இருந்தால், அது உப்புச் சோதனை செய்யும் தண்ணீரிலேயே உப்பு கிடப்பது மாதிரி. போதாததற்கு எச்.எம்.ஜி.பி-1 தானே எல்.பி.எஸ்-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. அதனால் சாதாரணப் புரதத்திலிருந்து கழுவி எடுப்பதைவிட இதிலிருந்து கழுவி எடுப்பது கஷ்டம்.

*வேறு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது?* ஹிஸ் டேக் (நிக்கல் நிரலில் புரதத்தைப் பிடிக்க ஒட்டும் ஹிஸ்டிடின் வால்), நிக்கல், பாக்டீரிய டி.என்.ஏ, நிலைப்படுத்தச் சேர்க்கும் ஆல்புமின் எல்லாம் இதில் அடங்கும்.

*சேலம் வந்து சேரும்போது உயிரோடு இருக்குமா?* பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பவர்கள் யோசிக்க வேண்டாத விஷயம் இது. நாம் யோசித்தே ஆக வேண்டும்.

*எத்தனை குழி, எத்தனை கட்டுப்பாடு?* குழி என்பது சோதனைத் தட்டில் உள்ள பள்ளம், கட்டுப்பாடு என்பது ஒப்பிட்டுப் பார்க்கப் போடுவது. குப்பியின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு நம்பத்தக்க முடிவுக்கு ஆகும் மொத்தச் செலவைத்தான் பார்க்க வேண்டும்.

வழி ஒன்று: ஈ.கோலையில் செய்த சாதாரணக் குப்பி

மூன்று கொட்டேஷன்களில் விலை குறைந்தது இதுதான். ஜீனை ஈ.கோலைக்குள் வைத்து, வளர்த்து, உடைத்து, நிக்கல் நிரலில் பிடித்து எடுத்தது. 95 சதவீதத் தூய்மை என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை, ஜெல்லில் ஒரே பட்டைதான் தெரியும். ஆனால் எல்.பி.எஸ் புரதம் இல்லையே, புரதத்துக்கான சாயம் போட்ட ஜெல்லில் அது எப்படித் தெரியும்?

என் கதை இங்கேதான் வருகிறது. பல வருஷங்களுக்கு முன் இப்படி ஒரு குப்பி வாங்கினேன். டி.எச்.பி-1 என்ற மனித ரத்த செல்களை மேக்ரோஃபேஜாக (கிருமியை விழுங்கும் செல்லாக) மாற்றி, இந்தப் புரதத்தைப் போட்டு, எலைசாவில் (நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) டி.என்.எஃப் அளந்தேன். குழிகள் பளிச்சென்று மஞ்சளாகின. டோஸ் ஏற ஏற நிறமும் ஏறியது. இவ்வளவு அழகான கோடு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்தக் கோட்டை நம்பி ஆறு மாதம் ஓடினேன்.

ஒருநாள் கூட இருந்த மாணவி கட்டுப்பாட்டுக்காகக் கொஞ்சம் புரதத்தைக் கொதிநீரில் பத்து நிமிஷம் வைத்துப் போட்டிருந்தாள். சாயங்காலம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், வேக வச்சதுலயும் அதே மஞ்சள்தானுங்க வருது" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில புரதங்கள் ஆறியதும் மறுபடி மடிந்துகொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுவாரம் புரதத்தை வெட்டும் டிரிப்சின் போட்டுச் செரிக்க வைத்துப் பார்த்தோம். அதிலும் அதே மஞ்சள். கடைசியில் எல்.பி.எஸ்-ஐக் கட்டிப் போடும் பாலிமிக்சின் பி சேர்த்தோம். நிறம் சுத்தமாக விழுந்துவிட்டது. ஆறு மாதமாக நாங்கள் அளந்துகொண்டிருந்தது எல்.பி.எஸ்-ஐ.

குப்பியோடு வந்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். எல்.பி.எஸ் அளவு ஒரு மைக்ரோகிராமுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு என்று அதில் இருந்தது. பார்க்கச் சின்ன எண். கணக்குப் போட்டால்தான் புரியும். ஒரு யூனிட் என்பது ஏறக்குறைய 0.1 நானோகிராம் எல்.பி.எஸ். புரதத்தை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் போட்டால் கூடவே 1 நானோகிராம் வரை எல்.பி.எஸ் போகலாம். மேக்ரோஃபேஜ் விழித்துக்கொள்ள அது தாராளம். அதனால் தாளில் 'குறைவு' என்று எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். உங்கள் டோஸால் பெருக்கிப் பாருங்கள்.

இந்தக் குப்பியில் மறைந்திருக்கும் இன்னொரு செலவு நிக்கல். மனித டி.எல்.ஆர்-4 ஏற்பியை நிக்கல் அயனியே நேரடியாகத் தூண்டும் என்று 2010ல் தெரியவந்தது. நிரலிலிருந்து கசிந்த நிக்கல் முழுதாக நீங்காமல் இருந்தால் அதுவும் டி.என்.எஃப் கணக்கில் சேரும். சுண்டெலியின் ஏற்பியில் நிக்கல் உட்காரும் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. அதனால் ரா 264.7 போன்ற சுண்டெலிச் செல்லிலும் ஒருமுறை சோதித்தால் இந்தச் சந்தேகம் தீரும். மனிதப் புரதத்துக்கும் சுண்டெலிப் புரதத்துக்கும் வால் பகுதியில் இரண்டே எச்சங்கள்தான் வித்தியாசம் என்பதால் மனிதக் குப்பியையே அங்கேயும் போடலாம்.

அப்படியானால் இந்தக் குப்பி எதற்குமே ஆகாதா? ஆகும். எலைசாவுக்கு அளவுகோல் போட, வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் பாசிட்டிவ் கட்டுப்பாடாக வைக்க, டி.என்.ஏ பிணைப்பைப் பார்க்க, ஒரு மூலக்கூறு இதோடு ஒட்டுகிறதா என்று சோதிக்க இது போதும். உயிருள்ள செல் இல்லாத சோதனை எதற்கும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வழி இரண்டு: மனித செல்லில் செய்தது

ஹெக்-293 போன்ற செல்லில் தயாரித்தது. விலை பல மடங்கு. எல்.பி.எஸ் பயம் ரொம்பவே குறைவு. ஆனால் பூஜ்யம் என்று நினைக்கக்கூடாது. பஃபர், நிரல், கண்ணாடிச் சாமான் எதிலிருந்தும் எல்.பி.எஸ் ஒட்டலாம்.

"மனித செல்லில் செய்ததுதானே, அப்படியே இயற்கையாக இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எச்.எம்.ஜி.பி-1ல் சிக்னல் பெப்டைடு கிடையாது. வழக்கமாகச் சுரக்கும் புரதங்கள் போகும் எண்டோபிளாச வலை, கோல்கி வழியாக அது வெளியே போவதில்லை. தயாரிப்பவர்கள் ஒரு சிக்னல் பெப்டைடை ஒட்டி அந்த வழியாக வெளியே தள்ள வைத்திருந்தால், அது இயல்பில் போகாத பாதையில் போய் வந்த புரதம். அந்தப் பாதை ஆக்ஸிஜனேற்றம் மிகுந்தது, சர்க்கரையும் அங்கேதான் ஒட்டும். சிஸ்டீன்கள் எந்த நிலையில் வந்து நிற்கின்றன என்று யாராவது அளந்தார்களா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்லின் மேல் போடும் சோதனை, சிஸ்டீன் நிலை கேள்வியில் இல்லை, எல்.பி.எஸ் மட்டுமே கவலை என்றால் இது சரி. அதற்கு மேல் இந்த விலைக்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வழி மூன்று: சிஸ்டீன் நிலையைச் சொல்லி விற்பது

ஒடுக்க நிலை, டைசல்ஃபைடு நிலை, 3எஸ் என்று தனித்தனியாகக் கிடைக்கும். 3எஸ் என்பது மூன்று சிஸ்டீன்களையும் செரின் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றியது. இவையும் பெரும்பாலும் ஈ.கோலையில் செய்தவைதான். ஆனால் எல்.பி.எஸ்-ஐக் கீழே கொண்டுவந்து, நிலையைச் சோதித்து அனுப்புகிறார்கள். பல குப்பிகளில் டேக் இருக்காது.

மாணவியிடம் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்டேன்: "உன் கேள்வி என்னம்மா?" அதிமதுரம் என்றாள். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் எச்.எம்.ஜி.பி-1 மீது நேரடியாக ஒட்டுகிறது என்று 2007ல் காட்டியிருக்கிறார்கள். அது ஒட்டினால் மேக்ரோஃபேஜின் டி.என்.எஃப் குறைகிறதா என்று இவள் பார்க்க வேண்டும். டி.என்.எஃப் என்றால் டி.எல்.ஆர்-4. டி.எல்.ஆர்-4 என்றால் டைசல்ஃபைடு நிலை. வேறு பதில் கிடையாது. ஒடுக்க நிலைக் குப்பியை வாங்கிப் போட்டு, டி.என்.எஃப் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால் குற்றம் புரதத்தினுடையது அல்ல.

புற்றுநோய் செல் நகர்வைப் பார்ப்பவருக்கு இது அப்படியே திரும்பும். தட்டில் கீறல் போட்டு, செல்கள் எவ்வளவு சீக்கிரம் மூடுகின்றன என்று அளப்பவருக்கு ஒடுக்க நிலை வேண்டும். இதில் ஒரு தொல்லை: வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் மணிக்கணக்காகக் கிடக்கும்போது ஒடுக்க நிலை தானாகவே டைசல்ஃபைடாக மாறிக்கொண்டிருக்கும். காலையில் போட்டது ஒன்று, சாயங்காலம் குழியில் இருப்பது வேறொன்று. 3எஸ் இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. சிஸ்டீனே இல்லாததால் அது மாறுவதற்கு வழியில்லை. செல்லைக் கூப்பிடும் வேலையைச் செய்யும், டி.என்.எஃப் பக்கம் போகாது. இருபத்துநாலு மணி நேரக் கீறல் சோதனைக்கு நான் 3எஸ்தான் சொல்வேன்.

கீமோதெரபியில் சாகும் புற்றுசெல் எப்படி நோய் எதிர்ப்பை எழுப்புகிறது என்று படிப்பவர்கள் வேறு வகை. சாகும் கட்டிசெல் விடும் எச்.எம்.ஜி.பி-1, நோய் எதிர்ப்பைத் தொடங்கிவைக்கும் டென்ட்ரைட்டிக் செல்லின் டி.எல்.ஆர்-4ல் போய்ச் சேர வேண்டும் என்று 2007ல் வந்த ஆய்வு சொன்னது. அந்த வேலைக்கு மறுபடி டைசல்ஃபைடு. கட்டி வளர்ச்சியில் எச்.எம்.ஜி.பி-1 ஒட்டும் இன்னொரு ஏற்பியான ரேஜின் பங்கைப் பார்க்கிறவர், எந்த நிலை என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மறைந்த செலவுகள் இதிலும் உண்டு. ஒடுக்க நிலையைக் காப்பாற்ற, டைசல்ஃபைடு பாலத்தை வெட்டும் டைதியோத்ரெய்டால் சேர்த்திருப்பார்கள். அது செல்லையும் பாதிக்கும். அதனால் புரதம் இல்லாத அதே பஃபரை ஒரு குழியில் போட்டே ஆக வேண்டும். டைசல்ஃபைடுக் குப்பியின் பக்கம் டைதியோத்ரெய்டாலோ மெர்காப்டோஎத்தனாலோ வரவே கூடாது. சில செல் ஊடகங்களில் மெர்காப்டோஎத்தனால் வழக்கமாகச் சேர்ப்பார்கள். டி.எச்.பி-1 வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதிகக் காசு கொடுத்து வாங்கிய பாலத்தை நம் ஊடகமே வெட்டிவிடும்.

வழி நான்கு: நாமே செய்துகொள்வது

ஜீனைச் சுமக்கும் டி.என்.ஏ வளையமான பிளாஸ்மிட் ஒருமுறை கிடைத்துவிட்டால் புரதம் மில்லிகிராம் கணக்கில் வரும் என்பது உண்மை. பி.எல்-21 ஈ.கோலை ரகம், புரதத் தயாரிப்பைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி, நிரல் எல்லாம் நம் பக்கத்துக் கல்லூரிகளிலேயே உண்டு. ஹெபாரின் நிரலில் இது நன்றாகப் பிடிக்கும் என்பதால் இரண்டாம் சுத்திகரிப்புக்கு வழி இருக்கிறது. டி.என்.ஏ-வோடு ஒட்டும் புரதம் என்பதால் பாக்டீரிய டி.என்.ஏ-வையும் கூட்டிக்கொண்டு வரும். உப்பு அதிகமான பஃபரில் கழுவி, 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவுகளைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

இடிப்பது எல்.பி.எஸ். டிரைட்டான் எக்ஸ்-114ஐக் குளிரில் கலந்து, 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் இரண்டு அடுக்காகப் பிரியும். எல்.பி.எஸ் கீழ் அடுக்கோடு போய்விடும். கேட்க எளிது. ஆனால் நாலைந்து தடவை செய்ய வேண்டும், மிச்சமிருக்கும் டிரைட்டானை எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புரதம் போகும். கடைசியில் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல் கிட்டில் அளந்து காட்ட வேண்டும், அந்தக் கிட்டும் மலிவில்லை. எல்.பி.எஸ்ஸின் வீரியத்தைக் குறைத்து மாற்றிய ஈ.கோலை ரகம் விலைக்குக் கிடைக்கிறது. அதில் செய்தால் பாதிச் சுமை குறையும்.

சுண்டெலிக்குச் செலுத்தப் போகிறவர், பிணைப்பு ஆய்வுக்கு நிறையப் புரதம் தேவைப்படுகிறவர், மூன்று நாலு வருஷம் இதிலேயே இருக்கப் போகிறவர் இந்த வழியில் போகலாம். ஒரே ஒரு கட்டுரைக்காக, எட்டு மாதத்தில் ஆய்வேட்டை முடிக்க வேண்டியவர் வேண்டாம். புரதச் சுத்திகரிப்பே ஒரு தனி ஆய்வேடாகிவிடும்.

வழி ஐந்து: வாங்காமலே பார்ப்பது

செல்லை உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைத்தால் உடைந்து எச்.எம்.ஜி.பி-1ஐ விடும். அதை மற்ற செல்லின் மேல் ஊற்றிப் பார்க்கலாம். காசு செலவில்லை. ஆனால் கூடவே டி.என்.ஏ, ஏ.டி.பி, இன்னும் நூறு பொருள்கள் வரும். எதனால் என்ன நடந்தது என்று சொல்ல, எச்.எம்.ஜி.பி-1ஐ மட்டும் தடுக்கும் ஆன்டிபாடி வேண்டும், அதன் விலை ஒரு குப்பிக்குச் சமம். முதலாண்டில் கை பழக நல்லது.

ஒரே பார்வையில்

| வழி | சிஸ்டீன் நிலை | எல்.பி.எஸ் பயம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஈ.கோலைக் குப்பி | பெரும்பாலும் சொல்வதில்லை | அதிகம் | கட்டுப்பாட்டுக் குழிகள், நிக்கல் | செல் இல்லாத சோதனை |
| மனித செல் குப்பி | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | குறைவு | ஒட்டிய சர்க்கரை, பல மடங்கு விலை | எல்.பி.எஸ் மட்டுமே கவலை என்பவர் |
| டைசல்ஃபைடு | தெரியும் | சோதித்தது | ஊடகத்தில் மெர்காப்டோஎத்தனால் கூடாது | டி.என்.எஃப், டி.எல்.ஆர்-4 |
| ஒடுக்க நிலை, 3எஸ் | தெரியும் | சோதித்தது | டைதியோத்ரெய்டால் பஃபர் கட்டுப்பாடு | செல் நகர்வு |
| சொந்தத் தயாரிப்பு | நாமே சோதிக்க வேண்டும் | நம் கையில் | காலம், எல்.ஏ.எல் கிட் | நிறையத் தேவைப்படுபவர் |
| உடைத்த செல் | கலவை | குறைவு | தடுக்கும் ஆன்டிபாடி | முதல் முயற்சி |

சேலத்துக்கென்று தனியாகச் சில

உறைந்த திரவமாக வரும் குப்பியும் உண்டு, உலர்தூளாக வருவதும் உண்டு. இங்கே வாங்குகிறவர்களுக்கு நான் உலர்தூளைத்தான் சொல்வேன். திரவம் உலர்பனிக்கட்டியில் வர வேண்டும். பெட்டியில் பனிக்கட்டி ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். வெளிநாட்டுக் குப்பி பெங்களூரிலோ சென்னையிலோ சுங்கம் தாண்டி, அங்கிருந்து கூரியரில் சேலம் வருகிறது. வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனி, ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும். ஏப்ரலில் சேலத்துக் கிடங்குக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் பனிக்கட்டி இருந்த இடத்தில் வெறும் தெர்மாகோல். அனுப்பியவர் கூரியரைக் கை காட்டினார், கூரியர் அனுப்பியவரைக் கை காட்டினார். அன்றிலிருந்து ஆர்டரிலேயே 'திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் அனுப்பவும்' என்று எழுதிவிடுகிறேன்.

பல கல்லூரிகளில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி கிடையாது. மைனஸ் 20 இருந்தாலும் அது வீட்டுக்கு வாங்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகமாக இருக்கும். அது தானே பனியை உருக்கிக்கொள்ள அவ்வப்போது சூடேறும். புரதத்துக்கு ஒவ்வொரு தடவையும் அது ஒரு உருகல். கோடை மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 80 உள்ள பக்கத்து ஆய்வகத்தில் ஒரு சின்னப் பெட்டி வைக்க இடம் கேளுங்கள். ஆர்டர் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று சேர்வராயன் மலைச் செடிகளை ஆராயும் பிள்ளைகளுக்கு. ஏற்காட்டில் பறித்த இலையாகட்டும், செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய அதிமதுர வேராகட்டும், காய வைத்துப் பொடித்த எதிலும் பாக்டீரியா இருக்கும், அதன் எல்.பி.எஸ்ஸும் இருக்கும். சுத்தமான புரதம் வாங்கி, சுத்தமில்லாத கஷாயத்தைக் கூட ஊற்றினால் பழைய கதைதான். சாற்றையும் எல்.ஏ.எல் கிட்டில் அளந்துவிடுங்கள். என் மாணவி முதலில் வேர்ச் சாற்றைத்தான் போடுவதாக இருந்தாள். பேசிய பிறகு, சுத்தமான கிளைசிரைசினை முதலில் பார்த்துவிட்டு, சாற்றைக் கடைசிக்குத் தள்ளினாள்.

கணக்கு

விலை உயர்ந்த குப்பி கட்டுப்படியாகுமா என்பதை இப்படிப் பார்த்தோம். 24 குழித் தட்டில் குழிக்கு அரை மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் டோஸ் என்றால் குழிக்கு 0.5 மைக்ரோகிராம். புரதம் மட்டும், செரித்த புரதம், புரதமும் பாலிமிக்சினும், புரதமும் கிளைசிரைசினும் என்று நான்கு வகை, ஒவ்வொன்றும் மூன்று குழி. ஆக 12 குழிக்கு 6 மைக்ரோகிராம். மூன்று தடவை திரும்பச் செய்தால் 18. இதையே 96 குழித் தட்டில் 0.1 மில்லிலிட்டரில் செய்தால் மொத்தம் 3.6 மைக்ரோகிராம்தான். 10 மைக்ரோகிராம் குப்பியே போதும், டோஸ் வரிசை ஒன்றும் அதற்குள் பார்த்துவிடலாம். மலிவான 50 மைக்ரோகிராம் குப்பிக்கும் சின்ன டைசல்ஃபைடுக் குப்பிக்கும் இடையே இருந்த தூரம் அங்கேயே பாதி குறைந்துவிட்டது. மலிவுக் குப்பியில் வரும் முடிவை நிரூபிக்க எத்தனை எலைசாத் தட்டு கூடுதலாக ஆகும் என்று சேர்த்தபோது மீதியும் குறைந்தது. அவள் மேசையிலிருந்த மற்ற இரண்டு கொட்டேஷன்களையும் மடித்து வைத்துவிட்டாள்.

குப்பி வந்த நாள்

மார்ச் இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை வந்தது. மூடியைத் திறப்பதற்கு முன் சுழற்றச் சொன்னேன், ஏனென்றால் தூள் மூடியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தாளில் சொன்ன பஃபரில் மட்டும், எல்.பி.எஸ் இல்லாத தண்ணீரில் கரைத்தாள். குழாயின் சுவரில் புரதம் ஒட்டாத ரகக் குழாய்களில், ஒரு சோதனைக்கு ஒரு குழாய் என்று பிரித்தாள். தேதி, லாட் எண் எழுதினாள். ஒரு சிட்டிகை எடுத்து மெர்காப்டோஎத்தனால் போட்டும் போடாமலும் இரண்டு ஜெல்லில் ஓட்டினாள். பாலம் இருந்தால் புரதம் கொஞ்சம் இறுகி நிற்கும், போடாத ஜெல்லில் பட்டை மயிரிழை முன்னால் ஓடும். அப்படித்தான் ஓடியது. எடை 25 கிலோடால்டன் என்று படித்துவிட்டு, பட்டை 30க்குப் பக்கத்தில் நிற்கிறதே என்று பயந்து போனாள். அந்த அமில வாலால் அப்படித் தெரிவதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

ஏப்ரலில் முதல் தட்டு. செரித்த புரதத்தின் மூன்று குழிகளும் நிறமே இல்லாமல் தண்ணீராக நின்றன. பாலிமிக்சின் போட்ட குழிகள் போடாத குழிகளைப் போலவே மஞ்சளாக இருந்தன. கிளைசிரைசின் குழிகளைப் பற்றி அவள் இன்னும் இரண்டு தடவை செய்து முடிக்கும்வரை நான் பேசமாட்டேன். பக்கத்து ஆய்வகத்தின் மைனஸ் 80ல் இப்போது நாலு குழாய் இருக்கிறது. அதில் ஒன்றின் மேல் சிவப்பு மையில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறாள். கட்டுரையைப் பரிசீலிப்பவர் அந்த லாட்டின் ஜெல்லைக் கேட்டால் ஓட்டிக் காட்ட எடுத்து வைத்தது.